நாவல் வெளியிட பர்சனல் லோன் எடுக்கலாமா?

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் நாவல் எழுதி முடிச்சிருக்கார். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்த குடும்பத்தோட கதை. "60,000 ரூபாய் கட்டினா அட்டை டிசைன், விளம்பரம் எல்லாம் சேர்த்து 300 பிரதி அடிச்சுத் தர்றாங்களாம். பர்சனல் லோன் போடட்டுமா அண்ணா?"ன்னு கேட்டிருக்கார்.

வேண்டாம் தம்பி. ஏன்னு கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.

60,000-ஐ 300-ஆல் வகுத்தா ஒரு பிரதிக்கு அடக்கம் ₹200. விலை ₹250 வைக்கிறீங்க. கடைக்காரருக்கு 35% கழிவு போனா உங்க கைக்கு வர்றது ₹162.50. அதாவது 300 பிரதியும் கடையில் வித்துத் தீர்ந்தாலும் ₹11,250 நஷ்டம். லோன் 14% வட்டியில் 3 வருஷத்துக்குன்னு வைங்க, இஎம்ஐ சுமார் ₹2,050, வட்டி மட்டும் ₹13,800 கிட்ட வரும். சரி, கடையே வேண்டாம், நீங்களே ஒவ்வொருத்தரா தேடிப்போய் முழு விலைக்கு வித்தா? ₹75,000 வரும். லோனை அடைச்ச பிறகு மிச்சம் சுமார் ₹1,200. பஸ் செலவும் கூரியர் செலவும் இதில் சேரலை.

விற்காத பிரதி எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எங்க பாஷையில் அதுக்குப் பேர் தேங்கிய சரக்கு.

இந்த பேக்கேஜ் உங்களுக்குப் புத்தகம் தரும், வாசகரைத் தராது. வாசகர் சேர்றதுக்குக் காலம்தான் அதிகம் ஆகும், பணம் கம்மியாதான் ஆகும். அந்தக் காலம் முழுக்க வீட்டில் அடுப்பெரிய சம்பளம் வேணும்.

பக்கத்து ஊர் உதாரணமே இருக்கு. விருத்தாசலத்தில் வாழும் இமையம் பள்ளி ஆசிரியரா இருந்தவர். முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தது. சாகித்ய அகாதமி விருது 2020-ஆம் ஆண்டுக்குக் கிடைச்சது, 'செல்லாத பணம்' நாவலுக்காக. (நம்ம சேனலுக்குப் பொருத்தமான தலைப்பு! ஆனா இது தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு பெண்ணோட கதை. படிச்சா ரெண்டு நாள் தூக்கம் வராது.) நாமக்கல் பக்கம் பெருமாள்முருகன், அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியரா இருந்தவர். 1991-ல் 'ஏறுவெயில்', 2010-ல் 'மாதொருபாகன்'. 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி பரிசு வந்தது 2023-ல். முதல் நாவலில் இருந்து 32 வருஷம். ரெண்டு பேர் வீட்டிலும் மாசச் சம்பளம் வந்துட்டு இருந்தது. அதனால அடுத்த நாவல் விற்குமான்னு பயந்து எழுத வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்லை.

சரி, அப்போ பணத்தை எதில் போடுறது? மாசம் ₹1,000 ஒதுக்குங்க, அது போதும். முதல்ல நாவலை பத்து பேருக்குக் கொடுங்க. சொந்தக்காரங்க வேண்டாம், "நல்லா இருக்குப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போனாங்க, எந்த இடத்தில் நிறுத்தினாங்கன்னு கேட்டுக் குறிச்சுக்குங்க. நாவல்ல இருந்து ஒரு பகுதியைச் சிறுகதையாக்கி இதழ்களுக்கு அனுப்புங்க. உங்க ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தா போய் உட்காருங்க, முதல் ஆறு மாசம் மத்தவங்க புத்தகத்தைப் பத்தி மட்டும் பேசுங்க. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஊரிலும் புத்தகத் திருவிழா நடக்குது. அங்க போனா பதிப்பாளரை நேர்ல பார்க்கலாம், எந்த மாதிரிப் புத்தகத்தை ஜனங்க கையில் எடுத்துப் புரட்டுறாங்கன்னும் கண்ணால பார்க்கலாம். சுரங்கம் தோண்டின ஊர்க்காரங்கதான் உங்க முதல் வாசகர்கள். சென்னை அப்புறம் வரட்டும்.

அச்சடிச்சே ஆகணும்னா பிரிண்ட் ஆன் டிமாண்டில் 30, 40 பிரதி போதும். ஒரு பிரதிக்கு அடக்கம் கூடும், ஆனா மொத்தமா மாட்டிக்கிற பணம் கம்மி. கிண்டிலில் போட அச்சுச் செலவே கிடையாது. பதிவு பண்ணும்போது வரி விவரப் பகுதியில் பான் நம்பரைக் கொடுங்க. கொடுக்கலைன்னா அமெரிக்க விற்பனை ராயல்டியில் 30% பிடிப்பாங்க, கொடுத்தா ஒப்பந்தப்படி 15%.

இப்போ வரி. வருமான வரிச் சட்டத்தில் எழுத்தாளருக்குன்னே ஒரு பிரிவு உண்டு. இலக்கியப் புத்தக ராயல்டியில் வருஷம் ₹3 லட்சம் வரை கழிவு. பதிப்பாளர்கிட்ட அதுக்கான ஃபார்ம் வாங்கணும். ஆனா புது வரிமுறையில் இருந்தா இந்தக் கழிவு கிடையாது. அதுக்காகப் பழைய முறைக்கு ஓடிடாதீங்க! ₹250 புத்தகம், 10% ராயல்டி, 300 பிரதின்னா ₹7,500தான். சம்பளத்துக்கு எது லாபமோ அந்த முறையிலேயே இருங்க, ராயல்டியை மட்டும் ரிட்டர்னில் மறக்காம காட்டுங்க.

வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஆர்டரையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வேற வருமானத்துக்கு முன் அனுமதி வேணும்னு இருந்தா, ஹெச்.ஆருக்கு இப்பவே ஒரு மெயில் போட்டுடுங்க. கதையில் வர்றது சுரங்கம் வேற!

பதிப்பக ஒப்பந்தத்தில் எந்த வரியை எல்லாம் பென்சிலால் அடிக்கோடிடணும்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.