நத்தார் பரிசு: கொடுப்பதும் வாங்குவதும்



டிசம்பர் மாதம் பிறந்தாலே தோட்டத்தில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "இந்த வருசம் புள்ளைகளுக்கு என்னா எடுக்கப் போறீங்க?" பெரட்டுக்களத்திலும், கொழுந்து நிறுக்கிற இடத்திலும், பீலிக்கரையிலும் இதே கேள்விதான். நமது தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒரே லயத்தில் சுவரோடு சுவராக வாழ்கிறவர்களுக்கு நத்தாரும் தீபாவளியும் தனித்தனிப் பண்டிகைகள் அல்ல. ஆகவே இப்பாடம் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது. பரிசு என்பது என்ன, அதை எப்படிக் கொடுப்பது, எப்படி வாங்கிக்கொள்வது, கடன்படாமல் எப்படிச் செய்வது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

1. வழக்கம் எங்கிருந்து வந்தது?

"நத்தார்" என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்தது. அந்த மொழியில் "நத்தால்" என்றால் கிறிஸ்து பிறப்பு விழா. பரிசு கொடுக்கும் வழக்கத்துக்கு இரண்டு கதைகளைச் சொல்வார்கள்.

முதலாவது, மத்தேயு எழுதிய நற்செய்தியில் வருவது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவுக்குப் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொடுத்தார்கள். மூன்று ஞானிகள் என்று நாம் சொல்கிறோம். ஆனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. கொடுத்த பொருள் மூன்று என்பதால் ஆட்களும் மூன்று பேர் என்று பிற்காலத்தில் வழக்கமாயிற்று.

இரண்டாவது கதை நிக்கலஸ் என்ற ஆயரைப் பற்றியது. இவர் 4ஆம் நூற்றாண்டில், இன்று துருக்கி என்று சொல்லப்படும் நாட்டில் உள்ள மீரா நகரில் வாழ்ந்தவர். அங்கே ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். சீதனம் கொடுக்க வழியில்லாததால் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை கெட்டுப்போகும் நிலை. நிக்கலஸ் இரவு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொற்காசுப் பையைப் போட்டுவிட்டுப் போனார் என்று மரபுக் கதை சொல்கிறது. அவருடைய திருநாள் டிசம்பர் 6. ஒல்லாந்தர் அவரைச் "சின்டர்கிளாஸ்" என்று அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் பின்னாளில் "சான்டா குளோஸ்" ஆயிற்று. நாம் நத்தார் தாத்தா என்று சொல்வது அவரைத்தான்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஏன் இரவில், மறைவாகக் கொடுத்தார்? பகலில் எல்லாரும் பார்க்கக் கொடுத்திருந்தால் அந்தத் தகப்பன் ஊருக்குள் தலைகுனிந்திருப்பான். பணத்தோடு சேர்த்து அவனுடைய மானத்தையும் நிக்கலஸ் காப்பாற்றினார். நல்ல பரிசுக்கு இதுவே இலக்கணம்.

2. பரிசு வேறு, மொய் வேறு

கலியாண வீட்டில் மொய் எழுதுகிறோம். யார் எவ்வளவு என்று கொப்பியில் பதிகிறோம். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேசத்தில் அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிறோம். அது ஒரு நல்ல முறைதான். ஒரு குடும்பத்தின் பெரிய செலவை ஊரே சேர்ந்து தாங்குகிற ஏற்பாடு அது. ஆனால் அது கடமை. திருப்பிச் செய்தே ஆகவேண்டும்.

பரிசு அப்படியல்ல. அதற்குக் கொப்பி கிடையாது. "போன வருசம் நான் சாரி குடுத்தேன், அவ வெறும் பிஸ்கட் பெட்டிய குடுத்துட்டா" என்று மனதில் கணக்கு எழுதத் தொடங்கினால் அது மொய்யாகிவிடுகிறது. வசதி குறைந்தவர்கள் அந்தக் கணக்குக்குப் பயந்துதான் பண்டிகை நாளில் வாசலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

தோட்ட உத்தியோகத்தருக்கு வேலை ஆகவேண்டும் என்று கொடுப்பதும் பரிசல்ல. அதைப் பண்டிகையின் பெயரால் செய்யவேண்டாம்.

3. எத்தனை பேர் விலை?

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

"என்னாங்க, பெரியவனுக்கு ரிமோட் கார் வேணுமாம். மூவாயிரமாம்."

"வருசத்துக்கு ஒருக்காதானே. வாங்கிக் குடுத்தா என்னா?"

"ஒருக்காதாங்க. ஆனா சின்னவளுக்கும் ஒண்ணு எடுக்கணும். ஒங்க அம்மாவுக்கு சுவெட்டர் பிஞ்சு போச்சு. தை பொறந்தா சப்பாத்து, கொப்பி, பேக்கு எல்லாம் வரிசையா நிக்குது."

"அப்ப நீ மொதல்ல எழுது. கடைக்குப் போன பொறகு கணக்குப் பாத்தா கையில ஒண்ணும் நிக்காது."

அந்த வீட்டில் நடந்ததுதான் சரியான முறை. கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: யாருக்கு, என்ன பொருள், எவ்வளவு ரூபா, எத்தனை பேர். இந்த நான்காவது கணக்குத்தான் முக்கியம். ஒரு நாள் மலைக்குப் போனால் ஒரு பேர். அந்தப் பொருளின் விலையை உங்கள் ஒரு நாள் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். ரிமோட் காருக்கு இரண்டு பேரா, மூன்று பேரா என்று தெரியும். அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று எடுத்த பேர் அது. அப்படியும் வாங்கலாம் என்று மனம் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். மாட்டேன் என்று சொன்னாலும் ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

4. முற்பணமும் கடனும்

பண்டிகை முற்பணம் நன்கொடை அல்ல. அது உங்களுடைய வருங்காலச் சம்பளம். உதாரணமாக, 20,000 ரூபா முற்பணத்தைப் பத்து மாதத்தில் கழிப்பதானால் மாதம் 2,000 ரூபா சம்பளத்தில் குறையும். நத்தார் முடிந்த மறு வாரம் புத்தாண்டு, அடுத்துப் பொங்கல், கூடவே பாடசாலைச் செலவு. ஆகவே முற்பணம் முழுவதையும் டிசம்பர் 25க்குள் முடித்துவிட்டால் ஜனவரியில் கைமாற்றுத் தேட வேண்டிவரும். பணம் வந்த அன்றே ஒரு பங்கை ஜனவரிக்கு என்று எடுத்து வையுங்கள். மாதாமாதம் சம்பளத் துண்டில் எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பரிசுக்காக வட்டிக்கு வாங்கவே வேண்டாம். 10,000 ரூபாவுக்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் மாதம் 1,000 ரூபா. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அடுத்த நத்தாருக்குள் 12,000 ரூபா போயிருக்கும். முதல் 10,000 அப்படியே நிற்கும். பிள்ளையின் விளையாட்டுச் சாமான் அதற்குள் எப்போதோ உடைந்து போயிருக்கும்.

அதைவிட, ஜனவரி முதல் நவம்பர் வரை மாதம் 500 ரூபா வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ போட்டு வந்தால் 11 மாதத்தில் 5,500 ரூபா. அது யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பணம்.

5. பெரிய குடும்பத்துக்கு ஒரு வழி

அண்ணன், தம்பி, அக்கா, மச்சான், நாத்தனார் என்று 12 பேர் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் பரிசு கொடுத்தால் எத்தனை பரிசு? ஒவ்வொருவரும் 11 பேருக்குக் கொடுக்க வேண்டும். 12ஐ 11ஆல் பெருக்கினால் 132. ஒன்று 500 ரூபா என்றாலும் 66,000 ரூபா!

இதற்குத் துண்டு குலுக்கும் முறை உண்டு. 12 பேரின் பெயரையும் துண்டுத் தாளில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு எடுக்கட்டும். தன் பெயரே வந்தால் திரும்பப் போட்டு எடுக்கலாம். யார் பெயர் வந்ததோ அவருக்கு மட்டும் பரிசு. நத்தார் நாள் வரை யாரும் வெளியில் சொல்லக்கூடாது. இப்போது பரிசு 12தான். செலவு 6,000 ரூபாதான். ஒருவரும் விடுபடமாட்டார்கள். விலைக்கு ஓர் எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்த பொருளும் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னத் தெரிந்தவர் தொப்பி பின்னட்டும், தச்சு வேலை தெரிந்தவர் முக்காலி செய்யட்டும். நண்பர்களுக்குள்ளும், மாதர் சங்கத்திலும், இளைஞர் கழகத்திலும் இதே முறையைச் செய்யலாம்.

6. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது

* ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒரே மதிப்பில் கொடுங்கள். அவனுக்குச் சைக்கிள், அவளுக்குக் கைக்குட்டை என்றால் அந்தப் பாடத்தை அவள் மறக்கமாட்டாள்.

* சப்பாத்தும் கொப்பியும் பிள்ளையின் தேவை. அவற்றை எப்படியும் வாங்கத்தான் வேண்டும். அவற்றையே நத்தார் பரிசு என்று சொன்னால் பிள்ளை வாய் திறக்காது; ஆனாலும் முகம் வாடும். சப்பாத்தோடு ஒரு பந்து, கொப்பியோடு ஒரு கலர்ப் பெட்டி என்று சிறிதாக ஓர் ஆசைப் பொருளையும் சேருங்கள்.

* மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சிறு பாகங்கள் கழன்று வரும் சாமான் வேண்டாம். ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் தொண்டையை அடைத்துவிடும்.

* வெளிச்சம் எரியும், பாட்டுப் பாடும் சாமான்களில் பொத்தான் மாதிரியான சிறு பேட்டரி இருக்கும். மூடி ஆணியால் இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

* கேக், பிஸ்கட், சொக்லட் வாங்கும்போது முடிவுத் திகதியைப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். குறித்த விலைக்கு மேல் விற்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.

7. தூரத்தில் இருப்பவர்களும் வயதானவர்களும்

சில வீடுகளில் அம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறார். பார்சல் வரும், அம்மா வரமாட்டார். அந்த வீட்டுப் பாட்டியோ அப்பாவோ செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. பார்சலைப் பிரிக்கும் நேரத்தை அம்மா கதைக்கும் நேரத்தோடு சேர்த்து வையுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்க பிள்ளை பிரிக்கட்டும். பிள்ளையும் அம்மாவுக்கு ஒரு படம் கீறி, ஒரு கடிதம் எழுதி அனுப்பட்டும். கொடுப்பவர் எப்போதும் அம்மாதான், வாங்குபவர் எப்போதும் பிள்ளைதான் என்று இருக்கக்கூடாது.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நத்தாருக்கு இரண்டு கையிலும் பையோடு வருகிறார்கள். அந்தப் பைக்குள் அவர்களுடைய பல மாதச் சேமிப்பு இருக்கிறது. "எனக்கு என்னா கொண்டாந்த?" என்று கேட்குமுன் "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிக்கு டிசம்பர்க் குளிரில் ஒரு கம்பளி, கால் மேஸ், சுடுதண்ணிப் போத்தல் பெரிய பரிசு. காசு இல்லையென்றால் விறகு பிளந்து அடுக்கிக் கொடுங்கள். கண் தெரியாதவருக்குக் கடிதம் வாசித்துக் காட்டுங்கள்.

8. லயத்துக்குள்ளே

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வந்த தட்டில் நத்தாருக்குக் கேக்கும் கொக்கிசும் போகிறது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது நம்மவர் பழக்கம். கொஞ்சம் சீனி, இரண்டு வாழைப்பழம், வீட்டுத் தோட்டத்துக் கீரை, இவை போதும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். கெரல் பாடிக்கொண்டு வரும்போது நத்தார் தாத்தா டொபி கொடுப்பார் அல்லவா? எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். வாசலில் நிற்கிற பிள்ளைக்கு மதம் தெரியாது. டொபி கிடைக்காதது மட்டும் தெரியும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்து பல குடும்பங்கள் உறவுகளையும் வீடுகளையும் இழந்தன. இப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்கும்போது நிக்கலஸ் ஆயரின் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன தேவை என்று தனியாகக் கேளுங்கள். கிழிந்த உடுப்பைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

9. வாங்கிக்கொள்வதும் ஒரு பழக்கம்

கொடுக்கத் தெரிந்த பலருக்கு வாங்கிக்கொள்ளத் தெரிவதில்லை. "எதுக்கு இதெல்லாம்?" என்று தள்ளுவதும், "என்னா வெல?" என்று கேட்பதும், பக்கத்து வீட்டுப் பரிசோடு ஒப்பிடுவதும் கொடுத்தவர் மனதை நோகடிக்கும். இரண்டு கையாலும் வாங்குங்கள். "சந்தோசம்" என்று சொல்லுங்கள். கொடுத்த சட்டையை அவர் காணும்படி ஒரு நாளாவது போடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள். உங்களால் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். சந்தோசமாக வாங்கிக்கொள்வதே கொடுத்தவருக்கு நீங்கள் தருகிற பரிசு.

கூடிப் பேசுவோம்

மாதர் சங்கக் கூட்டத்திலோ வீட்டிலோ பின்வரும் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. போன நத்தாருக்கு அல்லது தீபாவளிக்கு நீங்கள் செய்த செலவு எத்தனை பேர்? அதில் எவ்வளவு கடன்?

2. உங்கள் குடும்பத்தில் 8 பேர் என்றால், எல்லாரும் எல்லாருக்கும் கொடுக்க எத்தனை பரிசு வேண்டும்? துண்டு குலுக்கினால் எத்தனை?

3. உங்கள் லயத்தில் பண்டிகை நாளில் வாசலைச் சாத்திக்கொள்ளும் வீடு எது? ஏன்? அந்த வீட்டின் பெயரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு, என்ன செய்யலாம் என்று யோசியுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர்கள் இந்தப் பாடத்தை முழுமையாகப் படித்துவிட்டார்கள்.