மட்டாஞ்சேரி வீட்டுத் தோட்டங்களுக்கு ஏற்ற மூடாக்கு

பாத்தியின் மேல்மண்ணை இலை, ஓலை, நார் முதலியவற்றால் மூடி வைப்பதை வேளாண் நூல்கள் மூடாக்கு என்று குறிக்கின்றன. மலையாளத்தில் இதற்குப் புதயிடல் என்று பெயர். மண்ணின் ஈரத்தைக் காப்பது, களையை அடக்குவது, மழைத்துளியின் அடியிலிருந்து மேல்மண்ணைக் காப்பது ஆகியவை இதன் பொதுவான பயன்களாகும். எனினும் எல்லா ஊருக்கும் ஒரே மூடாக்கு பொருந்தாது. கொச்சி மாநகரின் மட்டாஞ்சேரிப் பகுதி இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குகின்றது.

கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் இடையே கிடக்கும் தாழ்வான மணற்பாங்கு நிலம் இது. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றினால் கிடைப்பது. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை அரிது. மணல் நிலம் நீரைப் பிடித்து வைப்பதில்லை. மழைக்காலத்தில் உரம் கரைந்து கீழிறங்கி விடுகின்றது, கோடையில் பாத்தி இரண்டே நாளில் உலர்ந்து போகின்றது.

இதனினும் பெரிய இடையூறு உப்பு. மழை நாட்களில் ஆற்று நீரால் நன்னீராகும் காயல், கோடையில் கடல் நீருக்கு நிகராக உவர்ப்படைகின்றது. விருச்சிக மாதத்தில், அதாவது தமிழ்க் கார்த்திகையில், ஓதம் பெருகும்போது மேற்குக் கொச்சியின் தாழ்ந்த இடங்களில் காயல் நீர் முற்றத்திற்கே வந்துவிடுவதுண்டு. நிலத்தடி நீர் மேல்மட்டத்திலேயே நிற்பதால், வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுந்தோறும் அடியிலிருந்து உவர்நீர் நுண்துளைகள் வழியே மேலேறுகின்றது. நீர் ஆவியாகின்றது, உப்பு மேற்பரப்பில் தங்குகின்றது. கீரை விதை முளைத்தவுடன் நுனி கருகுவதற்கு நீர்க்குறைவைக் காரணம் காட்டி மேலும் மேலும் நீர் ஊற்றுவோர் பலர். அந்நீரும் உவர்க்கிணற்று நீரானால் தீங்கு இரட்டிப்பாகும். மூடாக்கு இங்கே செய்யும் முதன்மையான பணி ஆவியாதலைக் குறைத்து உப்பு மேலேறுவதைத் தடுப்பதேயாகும். பிற பயன்கள் யாவும் இதற்கு அடுத்தபடியே.

நார்க்கழிவு

கொச்சி வட்டாரத்தில் மூடாக்கு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தென்னை நார்க்கழிவு. சகிரிச்சோறு என்று அங்கே வழங்கப்படும் இப்பொருள், தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது எஞ்சும் தூளாகும். ஒரு கிலோ நார் எடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோ கழிவு கிடைக்கின்றது. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கயிறு வாரியத்தின் தலைமையகம் கொச்சியிலேயே உள்ளது. அதன் மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆலப்புழை அருகே கலவூரில் இயங்குகின்றது. ஒரு காலத்தில் காயலோரங்களில் மலைபோல் குவிந்து கிடந்த இக்கழிவு, இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு ஏற்றுமதியாகும் பொருளாகிவிட்டது.

தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் இதற்குண்டு. மணற்பாத்திக்கு இதைவிட ஏற்ற குணம் வேறில்லை என்று தோன்றும். ஆனால் வாங்குமுன் இரண்டு செய்திகளை ஆராய வேண்டும். மரபு முறையில் தேங்காய் மட்டைகளைக் காயலின் உவர்நீரில் பல மாதங்கள் ஊறவைத்தே நார் எடுத்தனர். அவ்வாறு பெற்ற கழிவில் உப்பு மிகுந்திருக்கும். உப்பைத் தடுக்கப் போட்ட மூடாக்கே உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் நிலை ஏற்படும். ஆகவே, ஒரு மழைக்காலம் முழுவதும் திறந்த வெளியில் கிடந்த கழிவையே நாட வேண்டும். இல்லையேல் நன்னீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்து, வடியும் நீர் கருந்தேநீர் நிறம் மாறி வெளிறும் வரை அலச வேண்டும்.

இரண்டாவது, தழைச்சத்தைப் பற்றியது. பச்சை நார்க்கழிவில் கரிமத்திற்கும் தழைச்சத்திற்கும் உள்ள விகிதம் நூறுக்கு ஒன்று என்ற அளவையும் மிஞ்சும். இதை மண்ணோடு கலந்தால், சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளிக்கும். மேற்பரப்பில் மட்டும் பரப்பினால் இத்தீங்கு குறைவு. மக்கவைத்துப் பயன்படுத்துவதே சிறந்தது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் குறையாமல் நிழலில் வைத்தால் இரண்டு மாத அளவில் கருநிற எரு கிடைக்கும். அப்போது விகிதம் 24க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்குகின்றது. வீட்டளவில் 50 கிலோ கழிவுக்கு 250 கிராம் யூரியா போதும்.

மட்டையும் இலையும்

நாரெடுக்காத முழு மட்டையையும் மூடாக்காக இடலாம். தென்னையைச் சுற்றி இடும்போது குழிந்த பக்கம் மண்ணை நோக்கியும் புறப்பக்கம் வானை நோக்கியும் இருக்க வேண்டும் என்பது விதி. மண்ணில் புதைக்கும்போது மட்டும் இது தலைகீழாகும். குழிந்த பக்கம் மேலே இருந்தால்தான் நீர் தேங்கி வேருக்கு உதவும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது கொச்சியில் சிறு பிழையன்று. மேற்பரப்பில் மல்லாந்து கிடக்கும் மட்டை ஒவ்வொன்றும் மழை நீர் தேங்கும் கிண்ணமாகி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இருப்பிடமாகும்.

சருகுக்குப் பஞ்சமில்லை. மா, பலா, கடச்சக்கை எனப்படும் ஈரப்பலா ஆகியவற்றின் இலைகள் தடிப்பானவை, மெல்ல மக்கும், கோடைக்கு ஏற்றவை. கொச்சிக் கோட்டைப் பகுதிச் சாலைகளில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் விரைவில் மக்கித் தழைச்சத்து அளிப்பவை. வேலியோரச் சீமைக்கொன்றைத் தழையும் இவ்வகையே. நகரில் இவை பெரும்பாலும் குப்பையாகப் பெருக்கப்படுகின்றன, அல்லது கொளுத்தப்படுகின்றன. 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் மூண்ட தீ பத்து நாட்களுக்கு மேல் நகரைப் புகையில் ஆழ்த்தியது. முற்றத்துச் சருகு முற்றத்துப் பாத்தியிலேயே தங்குமானால் மாநகராட்சியின் சுமை அந்த அளவுக்குக் குறையும்.

அளவைப் பொறுத்தவரை இஞ்சிப் பயிர் நல்ல வழிகாட்டி. இஞ்சி நட்டவுடன் ஹெக்டேருக்கு 15 டன் பச்சிலையும், பின்னர் இரு முறை 7.5 டன் வீதமும் இடுமாறு கேரள வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை கூறுகின்றது. மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கு இது முதல் முறை நாலரைக் கிலோவும் அடுத்த முறைகளில் இரண்டேகால் கிலோவும் ஆகின்றது.

வைக்கோல் சிறந்த மூடாக்கே. ஆயினும் 1974-75இல் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெற்பரப்பு இன்று 2 லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்ட நிலையில், மாட்டுக்கே போதாத வைக்கோலைப் பாத்தியில் பரப்பச் சொல்வது பொருந்தாது. பிளாஸ்டிக் தாள் சிறு பாத்திக்கு வேண்டாம். பஜார் சாலைக் கிடங்குகளின் பழஞ்சாக்கு நல்லதுதான், சணலாக இருந்தால். இன்றைய சாக்குகளில் பல பிளாஸ்டிக் இழையால் ஆனவை, வெயிலில் நைந்து மண்ணில் துகளாகக் கலப்பவை. ஆகாயத்தாமரையை விதை பிடிக்குமுன் வாரி, நன்கு உலர்த்தி இடலாம். ஆனால் நீரிலுள்ள கன உலோகங்களை ஈர்த்துக்கொள்ளும் செடியாதலால், ஆலைக் கழிவு கலக்கும் நீர்நிலைகளிலிருந்து எடுத்ததைக் கீரைப் பாத்திக்கு இடுவது முறையன்று.

இடும் காலம்

மழைக்காலத்தில் கனத்த மூடாக்கு ஆபிரிக்கப் பெருநத்தைக்கு அடைக்கலமாகும். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மெல்லிய இலைப்படுகையே போதும். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட வேண்டும். மாலையில் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையை வைத்தால் நத்தைகள் வந்து கூடும். கையுறை அணிந்து எடுத்து, வாளியிலுள்ள உப்புக் கரைசலில் இட்டுக் கொல்லலாம். பாத்தியின் மேல் உப்பைத் தூவலாகாது.

துலாவருட மழை ஓய்ந்து விருச்சிக ஓதம் வடிந்தபின், பாத்தியை ஒருமுறை நன்னீரால் நன்றாக நனைத்து உப்பைக் கீழிறக்கிவிட்டு, ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்திற்குக் கோடை மூடாக்கை இட வேண்டும். அலசி மக்கவைத்த நார்க்கழிவு அடியிலும், தடித்த சருகு மேலும் அமைவது நன்று. ஈரம் வற்றிய மண்ணின் மேல் இடுவதில் பயனில்லை. உப்பு அதற்குள் மேலேறியிருக்கும்.