விருந்துக்குக் கூனிச் சம்மந்தி

குலசேகரம், திருவட்டாறு, திற்பரப்பு வட்டாரத்தில் மரச்சீனிக் கிழங்குக்கும் மீனுக்கும் உள்ள உறவைச் சொல்லத் தேவையில்லை. காதுகுத்து, பால்காய்ப்பு போன்ற விசேஷங்களுக்கு முந்தைய நாள் மாலையே உறவினர் வந்து கூடிவிடுவார்கள். அவர்களுக்கு அவித்த கிழங்கும், தொட்டுக்கொள்ளக் கூனிச் சம்மந்தியும் வைத்தால் செலவும் குறைவு, சாப்பிட்டவர்களுக்கும் திருப்தி. தேங்காய், கிழங்கு, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் நம் விளையிலேயே கிடைக்கும். விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் கூனி மட்டுமே.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். குழம்பு கொதிக்கும்போது அந்தச் சூட்டில் கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். அரைத்துக் கலந்து, மறுபடி அடுப்பில் ஏற்றாமல் ஆறினபடியே பரிமாறும் தொடுகறிக்கு அந்தக் காப்பு இல்லை. உலர்ச்சி, புளிப்பு, சுத்தம், நேரம் ஆகிய நான்கும்தான் அதைக் காக்கின்றன.

மேல்நாட்டு விருந்துகளில் அவித்த இறாலையும் நண்டுச் சதையையும் மயோனைசுடன் கலந்து, பனிக்கட்டியின் மேல் வைத்துப் பரிமாறுவார்கள். குளிர் விலகினால் அது விரைவில் கெடும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது நினைவிருக்கலாம். பந்தலில் குளிர்ப்பெட்டி இல்லாத நமக்கு உலர்ந்த கூனியே ஏற்றது.

கூனி வாங்குதல்

நல்ல கூனி இளஞ்சிவப்பாக இருக்கும்; விரலால் அழுத்தினால் நொறுங்கும். கையில் ஒட்டினாலும், மூக்கைத் துளைக்கும் கார நெடி அடித்தாலும், புழு, வண்டு தென்பட்டாலும் வாங்கக் கூடாது. வெறும் மணலில் காயவைத்ததைவிடப் பாயிலோ வலையிலோ காயவைத்தது மேல்.

நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மழையும் அந்நாளில்தான். எனவே ஆவணியில் விசேஷம் வைத்திருப்போர் சித்திரை வெயிலிலேயே கூனி வாங்கி, மேலும் ஒரு நாள் காயவைத்து, மூடி இறுகிய டப்பாவில் வைத்துக்கொள்வது நலம். பூச்சிமருந்து, உரம் வைக்கும் அறையில் இதை வைக்கவே கூடாது. வண்டு வராமலிருக்க மருந்துப் பொடி தூவுவது உயிருக்கே ஆபத்து.

25 பேருக்கு அளவு

கூனி 200 கிராம், நடுத்தரத் தேங்காய் 3, சின்ன உள்ளி 150 கிராம், வத்தல் மிளகாய் 20, எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை புளி, இரண்டு விரல் அளவு இஞ்சி, கைப்பிடி கறிவேப்பிலை, தேவையான உப்பு.

செய்முறை

1. கூனியைச் சல்லடையில் சலித்து மணலை நீக்குங்கள். எண்ணெய் விடாமல், இளந்தீயில் மொறுமொறுப்பாகும்வரை வறுங்கள். ஆறியதும் சுளகில் இட்டுக் கையால் தேய்த்துப் புடைத்தால் மீசையும் காலும் பறந்துவிடும். பிறகு கொரகொரப்பாகப் பொடியுங்கள். இந்தப் பொடியை முந்தைய நாளே செய்து, ஈரமில்லாத பாத்திரத்தில் மூடி வைக்கலாம்.

2. வத்தலையும் கறிவேப்பிலையையும் தனியே வறுத்துக்கொள்ளுங்கள்.

3. பந்திக்கு அரைமணி முன்பு தேங்காயைத் துருவி, வத்தல், புளி, இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு சேர்த்து அரையுங்கள். அம்மியானாலும் மிக்சியானாலும் தண்ணீர் விடக் கூடாது. இளக்கமாக வேண்டுமானால் கொதித்து ஆறிய நீரை மட்டும் தெளிக்கலாம். உள்ளியைக் கடைசியில் சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டுங்கள்.

4. கூனிப் பொடியைக் கலந்து, ருசி பார்த்தபின் உப்பைச் சரிசெய்யுங்கள். சில கூனியில் உப்பு முன்பே இருக்கும்.

இரண்டு பந்தி என்றால் இரண்டு தடவையாக அரையுங்கள். அரைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். சில நாள் இருக்க வேண்டுமானால் தேங்காயையும் பொன்னிறம் தாண்டிச் சிவக்க வறுத்து, உள்ளியையும் ஈரம் போக வறுத்துப் பொடியாக இடித்து வைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

* இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. சிறிதளவே சிலருக்குத் தடிப்பு, மூச்சுத்திணறல் தரும். பரிமாறும்போது இது கூனி என்று சொல்லுங்கள். கூனி சேராத தேங்காய்த் துவையலையும் முதலில் அரைத்து, தனிக் கரண்டியுடன் வையுங்கள்.

* மிஞ்சிய பச்சை மீனை இப்படி அரைக்கும் எண்ணம் வேண்டாம். சூரை, அயிலை, சாளை ஆகியவை வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். பின்னர் எவ்வளவு வேகவைத்தாலும் அது நீங்காது.

* வயிற்றுப்போக்கோ கையில் சீழ்ப்புண்ணோ உள்ளவர் அரைக்கும் வேலையில் இறங்கக் கூடாது.

* 25 பேருக்கு 8 கிலோ மரச்சீனி போதும். சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கை விருந்துக்கு எடுக்காதீர்கள்.

* விருந்து வீட்டில் உரித்த தோல் குவியலாகக் கிடக்கும். பச்சைத் தோலையும் இலையையும் வயிறாரத் தின்ற ஆடு மாடு சயனைடு நச்சால் சாகக்கூடும். குவியலை உடனே வேலிக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். அல்லது எட்டாத இடத்தில் பரப்பி, வெயிலில் நன்கு காய்ந்தபிறகு சிறிது சிறிதாகத் தீவனத்தில் சேருங்கள். விருந்து ஆரவாரத்தில் ஆட்டுக் கயிற்றை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பொறுப்பை முதலிலேயே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.