காரைநகர் பஸ்ஸில் ஏறி இடைப்பெறுமானத் தேற்றம் படிப்போம்: முழுமையான வழிகாட்டி

என்ன இது?

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறுகிறோம். காரைநகர் ஏறக்குறைய 20 கிலோமீற்றர். 40 நிமிடத்தில் வந்து இறங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 30. வட்டுக்கோட்டையில் ஆள் ஏற்ற நின்றபோது வேகம் 0. பொன்னாலைப் பாலத்தில், இருபக்கமும் கடல்நீர் விரிந்து கிடக்க, சாரதி 50 வரை மிதித்திருப்பார். ஆனாலும் வழியில் ஒரு கணமாவது வேகமானியின் முள் சரியாக 30ஐத் தொட்டே தீரவேண்டும்.

கணிதமொழியில் சொல்வோம். ஒரு சார்பு மூடிய ஆயிடையில் தொடர்ச்சியாகவும், அதன் உள்ளே எங்கும் வகையிடத்தக்கதாகவும் இருந்தால், முனைகளை இணைக்கும் நாணின் படித்திறனுக்குச் சமமான பெறுதி உள்ளே ஓரிடத்திலாவது உண்டு. எந்த இடம், எத்தனை இடம் என்று தேற்றம் சொல்வதில்லை.

எவ்வளவு செலவாகும்?

ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பென்சில். உயர்தர இணைந்த கணிதத்தில் வகையீடு படித்தவருக்கு இரண்டு மாலைப்பொழுது போதும்.

எப்படி நிறுவுவது?

முதலில் ரோல் தேற்றம். மிஷேல் ரோல் 1691இல் பல்லுறுப்பிகளுக்கு இதை நிறுவினார். இரு முனைகளிலும் பெறுமானம் ஒன்றானால், இடையில் எங்கோ பெறுதி 0. தொடர்ச்சியான சார்பு மூடிய ஆயிடையில் உயர்வையும் இழிவையும் அடைந்தே தீரும். இரண்டும் முனைகளிலேயே என்றால் சார்பு மாறிலி. இல்லையேல் ஒன்றாவது உள்ளே விழும். அங்கே தொடலி கிடையாக நிற்கும்.

அடுத்து, சார்பிலிருந்து நாணின் உயரத்தைக் கழிக்கிறோம். இரு முனைகளிலும் 0 மிஞ்சும். அந்தப் புதிய சார்புக்கு ரோலைப் பிரயோகித்தால் வேலை முடிந்தது. முழு நிறுவலிலும் இந்தக் கழித்தல்தான் எனக்கு மிகப் பிடித்த இடம். கட்டாயம் வரைந்து பாருங்கள்.

இன்றைய வடிவத்தை 1823இல் தந்தவர் கோஷி. 15ஆம் நூற்றாண்டிலேயே கேரளத்து வடசேரிப் பரமேசுவரர் நேர்மாறு சைனுக்கு இதன் ஒரு வடிவத்தை எழுதியிருந்தார்.

என்ன பயன்?

10இன் வர்க்கமூலத்தைக் கல்குலேற்றர் இல்லாமல் பிடிப்போம். 9 முதல் 10 வரை வர்க்கமூலச் சார்பை எடுக்கிறோம். 9இன் வர்க்கமூலம் 3. அதற்கு மேல் கூடும் அளவு, ஏதோ ஓர் இடைப்புள்ளியின் வர்க்கமூலத்தை இரட்டித்து, அதனால் 1ஐ வகுத்தால் வருவது. அந்த வர்க்கமூலம் 3ஐ விடப் பெரிது. ஆகவே கூடுவது 1/6இலும் குறைவு. விடை 3.167க்குக் கீழே. இந்த 3.167ஐயே திரும்ப வகுத்தியில் இட்டால், விடை 3.157க்கு மேலே என்றும் தெரிகிறது. உண்மைப் பெறுமானம் 3.162 சொச்சம்.

கவனம்!

நிபந்தனைகளைத் தாண்டிப் போகக்கூடாது. மட்டுச் சார்பை −1 முதல் 1 வரை வரையுங்கள். நாண் கிடை, பெறுதியோ −1 அல்லது 1 மட்டுமே. 0இல் கூர்முனை, அங்கே பெறுதியே இல்லை.

பெறுதி எங்கும் 0 என்றால் சார்பு மாறிலி என்போம். அது ஒரே ஆயிடைக்குத்தான் பொருந்தும். காரைநகரும் ஊர்காவற்றுறையும் போலக் களம் நடுவே கடலோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், சார்பு இங்கே 2, அங்கே 5 என்றும் இருக்கலாம்.

அடுத்து?

கோஷியின் இரு சார்பு வடிவம், அதிலிருந்து லோபிதால் விதி, பிறகு டெய்லர் தேற்றம். இதே வரிசையில் போவோம். மூன்றுக்கும் அடியில் ரோல்தான் இருக்கிறார்.