மயிரிழையில் தப்பினால் வீட்டில் சொல்வதா?



மாலை வேளையில் கல்லடிப் பாலத்தின் ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். நகரில் அலுவல் முடித்த அரசாங்க ஊழியர், பாடசாலை ஆசிரியை, கடைச் சிப்பந்தி, மீன் வியாபாரி, மேசன் வேலைக்குப் போய் வருபவர் என்று எத்தனையோ பேர் மோட்டார் சைக்கிளில் வாவியைக் கடந்து வீடு திரும்புகின்றனர். அவர்களுள் ஒருவர் அன்று மயிரிழையில் உயிர் தப்பியவராக இருக்கக்கூடும். ஒழுங்கையிலிருந்து திடீரென வெளிப்பட்ட முச்சக்கர வண்டி, முந்திக்கொண்டு எதிரே வந்த பஸ், இருட்டில் வீதி நடுவே படுத்திருந்த கட்டாக்காலி மாடு, மழை ஈரத்தில் வழுக்கிய சில்லு, இவற்றுள் ஏதோ ஒன்று. உடம்பில் காயமில்லை; வண்டிக்கும் சேதமில்லை. "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று வாசலில் மனைவி கேட்கிறாள். "ஒண்டுமில்ல, வேலைக் களைப்பு" என்று பதில் வருகிறது.

இந்த "ஒண்டுமில்ல" சரியானதா? நடந்ததை வாழ்க்கைத் துணைக்குச் சொல்ல வேண்டுமா, அல்லது மனத்துக்குள் புதைத்துவிடலாமா? இன்று மனைவிமாரும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகின்றனர். ஆகவே இக்கேள்வி இருபாலாருக்கும் உரியது.

சொல்லாதிருப்போரின் நியாயங்கள்

சொல்லாமல் விடுவோர் பெரும்பாலும் மூன்று காரணங்களைக் கூறுவர். முதலாவது, "நடந்தது நடந்துவிட்டது, அவளை ஏன் வீணாகப் பயப்படுத்த வேண்டும்?" என்பது. இதில் அன்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டாவது, "சொன்னால் நாளையிலிருந்து மோட்டார் சைக்கிளைத் தொடவிடமாட்டாள்" என்பது. பஸ்ஸுக்குக் காத்திருந்து வேலைக்குப் போக முடியாத ஒருவனுக்கு அது பிழைப்பைப் பற்றிய கவலை. அதையும் தட்டிக்கழிக்க முடியாது. மூன்றாவதை வாய்விட்டுச் சொல்பவர் குறைவு. அது வெட்கம். "நான் இத்தனை வருடமாக ஓடுகிறேன், எனக்கா இப்படி?" என்ற எண்ணம்.

முதலிரண்டு நியாயங்களையும் நன்றாக உற்றுநோக்கினால், அவை எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்பதைப் பற்றியவையே அன்றி, சொல்லவே கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல என்பது புலப்படும். மூன்றாவதோ நியாயமே அல்ல.

ஆகாய விமானம் கற்பித்த பாடம்

தப்பியவன் வாய் திறக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பெரியதோர் உதாரணம் உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனை நெருங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் ஒன்று வர்ஜீனியா மாநிலத்து மலையொன்றில் மோதிச் சிதறியது. அதில் இருந்த 92 பேரும் மாண்டனர். தரைக் கட்டுப்பாட்டாளர் கொடுத்த அனுமதியை, இனித் தாழப் பறக்கலாம் என்று விமானி விளங்கிக்கொண்டதே விபத்துக்கு வழியாயிற்று.

விசாரணையில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னர், இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே தவறான விளக்கத்தினால், அதே மலையில் மோதாமல் அருந்தப்பில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அச்செய்தி மற்ற நிறுவனத்தாரை எட்டவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் தெரியாமலே மலையை நோக்கிப் பறந்தனர்.

இதன் பின்னர், 1976இல், விமானிகள் தாம் அருந்தப்பில் தப்பிய சம்பவங்களை அறிவிப்பதற்கென்று அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அதனைப் பொறுப்பேற்றது தண்டனை வழங்கும் அதிகாரமுள்ள விமானத் திணைக்களம் அன்று. விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவே அதை நடத்துகிறது. சொல்பவரின் பெயர் நீக்கப்படும். வேண்டுமென்று செய்யாத தவறாயின், சொன்னவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு. ஏனெனில், சொன்னால் தண்டனை என்றிருந்தால் எவருமே சொல்லமாட்டார். இவ்வுண்மையை நம் வீட்டுக்கும் எடுத்து வருவோம், பின்னர் பயன்படும்.

இரண்டு விநாடிக்குள்

மோட்டார் சைக்கிள் விபத்துக்களைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று 1981இல் வெளிவந்தது. ஹரி ஹேர்ட் என்ற ஆய்வாளரின் தலைமையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியில் ஏறத்தாழ 900 விபத்துக்களை அவை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தனர். வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில், மற்றச் சாரதி வழிவிடத் தவறியதே காரணம் என்று கண்டனர். மோட்டார் சைக்கிள் வருவதை அவர் காணவேயில்லை, அல்லது கண்டபோது காலம் கடந்துவிட்டது. பெரும்பாலான விபத்துக்களில், ஆபத்து தோன்றியதற்கும் மோதலுக்கும் இடையே இரண்டு விநாடிகூட இருக்கவில்லை.

இரண்டு விநாடி எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். திடுக்கிட்டுப் பிறேக்கை மிதிப்பதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். அந்த அவகாசத்தில் புதிதாக யோசிக்க இயலாது. முன்னரே யோசித்து வைத்ததுதான் கைகொடுக்கும். ஆகவே நேற்றுத் தப்பியது ஏன் என்பதை ஆறுதலாக இருந்து சிந்தித்தவனே நாளை தப்புவான். தனக்குள் புதைத்தவன் இரண்டு நாளில் மறந்துபோவான். தன் வாயால் மற்றொருவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான், "நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்" என்ற உண்மை தனக்கே விளங்கும். படுக்கைக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்யும்படி நம் முன்னோர் பழக்கியதும் இதற்காகவே அன்றோ?

ஏன் துணையிடம் சொல்ல வேண்டும்?

"நண்பனிடம் சொன்னால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. ஏனெனில் பரிகாரத்தின் பாதி வீட்டில் இருக்கிறது.

தேய்ந்த டயரை இந்த மாதம் மாற்றுவதா, வேறு செலவைப் பார்ப்பதா என்று தீர்மானிப்பது கணவனும் மனைவியும் சேர்ந்துதான். மழையில் வண்டி வழுக்கியதை அவளுக்கு மறைத்துவிட்டால், அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்குப் பார்க்கிறாள். காலையில் பத்து நிமிடம் பிந்தி வெளிக்கிடுவதால் வரும் அவசரம், இரவு நித்திரைக் குறைவு, இவையும் வீட்டிலிருந்தே வீதிக்குப் போகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது மடியில் மணியடிக்கும் கைத்தொலைபேசியை எடுத்துப் பாருங்கள், "எங்க வாறீங்க?" என்று அன்போடு கேட்பவள் அநேகமாக மனைவியே! அந்த மணியால்தான் கவனம் சிதறியது என்று அவளுக்குத் தெரிந்தால், மறுநாள் அவள் அழைப்பாளா?

இன்னொன்று. அதே வண்டியின் பின்னிருக்கையில் ஏறுபவள் அவள். பிள்ளையை முன்னாலும் பின்னாலும் இருத்திக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போவதும் அதே வண்டியில்தான். தலைக்கவசம் அணிவதால் மோட்டார் சைக்கிள் விபத்தில் மரண ஆபத்து சுமார் 42 சதவீதமும், தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைவதாக 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். ஓடுபவருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று, பிள்ளைக்கு அளவான ஒன்று என்று வாங்கும் எண்ணம், ஆபத்தை அறிந்த குடும்பத்துக்கே வரும்.

நன்மையிலும் தீமையிலும் ஒருவருக்கொருவர் துணையிருப்பதாகப் பீடத்தின் முன் வாக்களித்தோம். தீமை நெருங்கி வந்து விலகிய நாளை மட்டும் அவ்வாக்குறுதியிலிருந்து ஒதுக்கிவைப்பது முறையாகுமா? அவள் பின்னொரு நாள் அயலவர் வாயிலாக அதைக் கேள்விப்பட்டால், "வேறு எதையெல்லாம் எனக்குச் சொல்லவில்லை?" என்றுதான் நினைப்பாள். அன்று ஏற்படும் பயம், சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடிய பயத்தைவிடப் பெரியது.

எப்படிச் சொல்வது?

வாசலில் வைத்துச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் முன்னிலையிலும் வேண்டாம். இராச் செபமாலை முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின் சொல்லலாம். முதலில், "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று தொடங்குங்கள். பிறகு எந்த இடம், என்ன நேரம், எப்படி நடந்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மற்றவன் தவறு எவ்வளவு, தன் தவறு எவ்வளவு என்பதும் வரட்டும். முடிவில், "இனி இப்படிச் செய்யப் போகிறேன்" என்று ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள். மாற்றமில்லாமல் பயத்தை மட்டும் இறக்கிவைத்தால், சுமை தோள் மாறுமே தவிரக் குறையாது. வீரப்பிரதாபமாகச் சொல்வதும் தவறு. அது கேட்பவரின் வயிற்றைக் கலக்கும்.

துணைவர் நோயாளியாகவோ, பிரசவ காலத்தை எட்டியவராகவோ, அண்மையில் வீட்டில் ஒரு சாவைக் கண்டவராகவோ இருந்தால் சில நாள் பொறுக்கலாம். ஆனால் பரிகாரத்தைப் பொறுக்கக் கூடாது. பிறேக்கை அன்றே திருத்துங்கள்.

எப்படிக் கேட்பது?

கேட்பவருக்கும் கடமை உண்டு. நாசாவின் ஏற்பாட்டை நினைவிற்கொள்ளுங்கள்: தண்டித்தால் பேச்சு நின்றுவிடும். "நான் அப்பவே சொன்னேனே" என்று தொடங்காதீர்கள். "இனி மோட்டார் சைக்கிள் வேண்டாம்" என்று அந்த இரவே தீர்ப்பளிக்காதீர்கள். சொன்னதை மாமியாருக்கும் மைத்துனருக்கும் பரப்பாதீர்கள்; பின்னொரு சண்டையில் ஆயுதமாக எடுக்கவும் வேண்டாம். "தப்பி வந்தீங்களே, அது போதும். இனி என்ன செய்வம்?" என்று கேளுங்கள். ஒரே விதமான ஆபத்து மீண்டும் மீண்டும் வருமாயின், அப்போது உறுதியாகப் பேசுவதும் அன்பின் கடமையே.

வீட்டோடு நின்றுவிடலாமா?

1974இல் எச்சரிக்கை ஒரு நிறுவனத்துக்குள்ளேயே நின்றதால் மற்றவர் மாண்டனர். நாமும் அப்படியே விட்டுவிடலாகாது. 1924இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் ஒடுக்கமானது. அங்கே எதிரே வருவோருக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம் அகன்றது. அகன்ற வழி நம்மைக் காத்திருக்கச் சொல்வதில்லை. நிதானத்தை நாமேதான் கொண்டுவர வேண்டும். கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி நோக்கிப் போகும் வீதியில் எந்தத் திருப்பத்தில் விளக்கு எரிவதில்லை, எங்கே மாடுகள் படுக்கின்றன என்பதைத் தப்பியவரே நன்கறிவார். அதை அயலவருக்கும், வேலைத்தலத்தில் உள்ளவர்களுக்கும், மாநகர சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் அறிவிப்பது பிறரன்பின் செயல். மாட்டின் சொந்தக்காரரிடம் பணிவாகச் சொல்வதும் அதில் அடங்கும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. கடந்த ஒரு வருடத்தில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லாத அருந்தப்பு ஏதேனும் உண்டா?

2. அதைச் சொல்லவிடாமல் தடுத்தது அன்பா, வெட்கமா, அல்லது கேட்பவரின் கோபத்துக்கு அஞ்சியதா?

3. டயர், பிறேக், முன்விளக்கு, தலைக்கவசம் ஆகிய நான்கில் எதை இம்மாதமே கவனிக்க வேண்டும்?

4. வண்டி ஓடும் நேரத்தில் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைப்பதில்லை என்று நாம் தீர்மானிக்கலாமா?

இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின், இந்த நான்கு கேள்விகளையும் இருவருமாக எடுத்துப் பேசிப் பாருங்கள்.