கத்திரி பிடிக்க வரும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

ஹேர் ஸ்டைலிஸ்ட் ஆகப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. "இதுக்கா ப்ளஸ் டூ படிச்சான்?" என்று என்னிடம் கேட்டாள். இதற்கும் படிப்பு வேண்டும் என்றேன். அதைத்தான் உனக்கும் எழுதுகிறேன்.

சேலத்தில் அகாடமிக்குப் பெரிய தொகை கட்டுவதற்கு முன்னால், ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ கூட்டம் ஓயாத ஒரு பழைய சலூனில் ஆறு மாதம் நில். முதலில் முடி கூட்டச் சொல்வார்கள், துண்டு துவைக்கச் சொல்வார்கள். அதற்குள் கண் பழகிவிடும். சுழி எந்தப் பக்கம், ஒற்றையா இரட்டையா, பிடரி முடி மேல்நோக்கி எழுகிறதா, காதுக்குப் பின்னால் எலும்பு எவ்வளவு புடைத்திருக்கிறது என்றெல்லாம் பார்க்காமல் கத்திரி வைத்தால், போனில் காட்டிய மாடல் அந்தத் தலையில் நிற்காது. ஈரத்தில் நீண்டிருக்கும் முடி காய்ந்ததும் மேலேறும். சுருட்டை என்றால் இன்னும் அதிகம். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நீ அவசரத்தில் எடுத்ததை அவர் மாதக்கணக்கில் சுமக்க வேண்டும். மெஷினில் ஃபேட் போடுவது சீக்கிரம் வந்துவிடும். சீப்பின் மேல் கத்திரி ஓட்டுவதை முதலில் கற்றுக்கொள்.

பேர் பெற்ற ஹேர் ஸ்டைலிஸ்ட் விடால் சசூனும் இப்படித்தான் தொடங்கினார். லண்டன் வைட்சேப்பலில் அடால்ஃப் கோஹன் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தபோது வயது 14. 1954இல் பாண்ட் தெருவில் சொந்தக் கடை போட்டார். முக எலும்பின் அமைப்பைப் பார்த்து அவர் வெட்டிய முடி, அலசி உதறினாலே தன் இடத்தில் வந்து விழுந்தது. வாரந்தோறும் கடைக்கு வந்து சுருள் போட்டுக்கொள்ளும் வேலை பெண்களுக்கு மிச்சமானது.

நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. ஷாம்பு நுரைக்காது, முடி முரடாகும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்காவது அதை ஊற்று. ஆளுக்கொரு புது பிளேடு. ஹெபடைட்டிஸ் பி பழைய பிளேடு வழியாகப் பரவும். புதிதாக டை போட வருகிறவருக்கு இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்.

கை பழகிய பிறகு சான்றிதழ். சேலத்திலும் நாமக்கல்லிலும் இந்தியன் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 18 வயது ஆகியிருக்க வேண்டும். பயிற்சியும் சாப்பாடும் இலவசம். சலூன் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று நேரில் போய்க் கேள். ஓராண்டு படிக்க முடியுமென்றால் ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி பிரிவு உண்டு. கடை போட முத்ரா திட்டத்தின் சிசு கடன் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகையிலும் நாற்காலி காலியாகக் கிடக்கும். தீபாவளி, பொங்கல் வருமானத்தில் அந்த மாதங்களின் வாடகையை எடுத்து வைத்துவிடு.

இன்னொன்று. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து சொல்பவர் நாவிதர். அந்தக் குடும்பத்து ஆண்கள் வைத்தியம் பார்த்தார்கள், பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஊர் அவர்களுக்குக் களத்தில் தானியம் அளந்தது. ஆனால் திண்ணையில் உட்கார இடம் தரவில்லை. நீ பிடிக்கப் போகும் கத்திரி அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிய கைகளிலிருந்து வருகிறது. ஸ்டைலிஸ்ட் என்று போர்டு வைக்கும்போது அதை மறந்துவிடாதே.

அவர்கள் பட்ட அந்த அவமானத்தை இன்னொருவர் மேல் இறக்கும் கடைகளும் உண்டு. தலித் பையன்களுக்கு முடி வெட்ட மாட்டோம் என்று சொல்லும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே அது குற்றம். நீ வேலை பழகும் இடத்தில் அப்படி ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அன்றைக்கே துண்டை மடித்து வைத்துவிட்டு வெளியே வா. வேறு கடை நான் பார்த்துத் தருகிறேன். அக்காவிடமும் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா