எறும்பின் தோட்டமும் அதனைக் காக்கும் பற்றீரியாவும்

பயிர் செய்து உண்பவன் மனிதன் ஒருவனே என்று எண்ணுதல் தவறு. அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பிரதேசங்களில் வாழும் இலைவெட்டி எறும்புகள், இலைகளைத் துண்டுதுண்டாக வெட்டி நிலத்தடிப் புற்றுக்குக் கொண்டுசென்று, மென்று பதப்படுத்தி, அவற்றின்மேல் ஒருவகைப் பங்கசைப் பயிரிட்டு உண்கின்றன.

ஒரே பயிரை நெருக்கமாகச் செய்யுமிடத்து நோய் பரவுதல் இயல்பு. எசுக்கோவொப்சிசு என்னும் ஒட்டுண்ணிப் பங்கசு இத்தோட்டத்தைத் தாக்கும். கவனியாது விடின் தோட்டம் அழியும். அதனை நம்பிய எறும்புக் குடியும் அழியும். ஆகவே எறும்புகள் நோயுற்ற பகுதியை உடனே களைந்து, தோட்டத்துக்குப் புறம்பான குப்பைக் கிடங்கிற் சேர்க்கின்றன.

இவ்வெறும்புகள் பலவற்றின் உடலில் வெண்பூச்சு ஒன்று காணப்படும். நெடுங்காலம் அது மெழுகெனக் கருதப்பட்டது. அது உயிருள்ள பற்றீரியா என்பதையும், எசுக்கோவொப்சிசின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளைச் சுரக்கின்றது என்பதையும் 1999ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் கமரன் கரியும் அவருடன் உழைத்தோரும் வெளிப்படுத்தினர். சூடோனொக்காடியா என்பது அப்பற்றீரியாவின் பெயர். எறும்பு அதற்கு இருப்பிடமும் உணவும் அளிக்கின்றது; அது எறும்பின் பயிரைக் காக்கின்றது.

உணவுள்ள இடத்துக்குப் போட்டியும் உண்டு. வேறு பற்றீரியாக்களும் எறும்பின் உடலிற் குடியேற முயலும். முதலில் வயலை மூடி வளர்ந்த நெல் தன் நிழலாற் களையை அடக்குவதுபோல, முதலிற் குடியேறிய பற்றீரியா தான் சுரக்கும் நஞ்சினாற் பின்வருவனவற்றை அடக்குகின்றது. சூடோனொக்காடியாவின் ஒரு குலவகை, தன் இனத்தின் மற்றைக் குலவகைகளையே தடுக்கும் இரசாயனப் பொருளொன்றைச் சுரப்பதாக 2015ஆம் ஆண்டில் அறியப்பட்டது. நெருங்கிய உறவே கடும் போட்டியாளனாகும். இரண்டுக்கும் வேண்டிய உணவும் இடமும் ஒன்றேயன்றோ?

கமக்காரர் இதிலிருந்து அறியவேண்டியவை:

1. எறும்பு மருந்தை மட்டும் நம்புவதில்லை. முதலில் நோயை அகற்றுகின்றது. தக்காளி, கத்தரிச் செடிகளிற் பற்றீரியா வாடல் கண்டால் அவற்றை வேரோடு பிடுங்கி எரித்தல் வேண்டும். அவ்விடத்து நீரை அடுத்த பாத்திக்குப் பாயவிடலாகாது.

2. நெல்லில் எரிபந்தம் கண்டால் யூரியா இடுவதை நிறுத்துக. மிகுந்த நைதரசன் அந்நோயை வளர்க்கும்.

3. ஒரே தொகுதிப் பங்கசுநாசினியைத் திரும்பத் திரும்ப விசிறின், அதைத் தாங்கும் நோய்க்கிருமிகளே எஞ்சிப் பெருகும். ஆதலின் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி வேறு தொகுதி நாசினிகளை மாற்றி விசிறுக.

4. மண்ணில் நன்மை செய்யும் நுண்ணங்கிகளும் உள. கூட்டெரு இட்டு அவற்றைப் பேணுக. தேவையின்றி நஞ்சிட்டு அழித்தலாகாது.